நேரடி இணைப்பு

டார்லிங் ஆற்றுக்கு மேற்கே
நூற்றிருபது கிலோமீட்டர் செம்மண் தாண்டி
ஒரு தகரக் கொட்டகை.
உள்ளே நெவிலின் மோட்டார் சைக்கிள், ராய்ஸின் மோட்டார் சைக்கிள்.
இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம்.
வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டு
நான் படுத்திருந்தேன்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதுபார்ப்பவள் நான்.
ரேடியோ என் வேலையில்லை.
ஆனால் போன வருடம் ஆடு மடக்கிய அன்று
நெவில் காய்ந்த ஓடைக்குள் விழுந்து
கணுக்கால் முறிந்து கிடந்தான், ஆறு மணி நேரம்.
கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான் என்று
ராய்ஸ் அத்தனை ஆட்டையும்
ஒற்றை ஆளாய் ஓட்டிவந்து பட்டியில் அடைத்தான்.
அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது.
தண்ணீர் உரிமை விற்ற காசில் தொடங்கியது,
ஐந்து வருடம்.
ஒரே மேசையில் சாப்பிடுவார்கள்.
உப்பு வேண்டுமென்றால் எழுந்து சுற்றிப் போய் எடுத்துக்கொள்வார்கள்.

இடது கைப்பிடியில், கட்டைவிரல் எட்டுமிடத்தில் பொத்தான்.
தலைக்கவசத்துக்குள் காதருகே ஒலிபெருக்கி.
உதட்டைத் தொடாமல் மைக்.
முள்கிளை அடித்தால் வளைந்து நிமிர
ஏரியலின் அடியில் ஸ்பிரிங்.
எல்லாம் மாட்டி இஞ்சினை உதைத்தால்
ஈ கத்துகிறது காதுக்குள்.
முடுக்க முடுக்க ஈயின் குரலும் ஏறுகிறது.
பிளக் மூடியை மாற்றினேன்.
வயரில் கறுப்பு வளையம் கோத்தேன்.
ஈ சாகவில்லை.
கடைசியில் சாவியின் வழியை விட்டுவிட்டு
பாட்டரியிலிருந்தே நேராக இழுத்தேன்,
நடுவே ஒரு ஃப்யூஸ் மட்டும் வைத்து.
சட்டென்று அமைதி.

ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குப் போகாது என்பதால்
இருவரிடமும் தனித்தனியே சொன்னேன்:
சாவியை எடுத்தாலும் இது அணையாது.
கையால் அணைக்கணும், மறக்காதே.
அழுத்து, ஒரு மூச்சு பொறு, பேசு, விடு.
ஒருத்தன் அழுத்திப் பிடித்திருக்கும்வரை
அடுத்தவன் குரல் நுழையாது,
கேட்டுத்தான் ஆகணும்.
நெவில் தலையாட்டினான்.
ராய்ஸ் தன் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

விடியலில் கிளம்பினார்கள், ஆளுக்கொரு திசை.
வாயிற்கதவருகே வண்டிக்குள்
மூன்றாவது ரேடியோவுடன் நான்.
முதலில் ஒரு 'க்ளிக்'. குரலில்லை.
காற்றும், யாரோ மூச்சு விடுவதும்.
பிறகு இன்னொரு க்ளிக், வேறொரு காற்று.
பழுதோ என்று ஃப்யூஸ் உறையைத் தேடினேன்.

'வேலியோரம் நாற்பது நிக்குது.'
'பாத்தேன்.'

சூரியன் ஒரு முழம் ஏறும்வரை வேறொன்றுமில்லை.
காலாப் பறவைகள் கூட்டமாய் எழுந்து
இளஞ்சிவப்பாய்த் திரும்பின.

'ஓடையில மண்ணு இளகிக் கிடக்கு. இறங்காத. சுத்தி வா.'

அழுத்தி, எதுவும் சொல்லாமல் விட்ட சத்தம்.
மறுபடி அழுத்திய சத்தம்.

'சரி.'

மாலையில் பட்டியில் எண்ணினோம்:
ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு, ஒரு நொண்டிக் கிடா.
இரவுச் சாப்பாட்டில்
உப்புக்கு நெவில் எழுந்து போனான்,
மேசையைச் சுற்றி,
எப்போதும் போல.
நான் முற்றத்தில் வண்டியிலேயே தூங்கினேன்.

காலையில் நெவிலின் வண்டியில் உயிரில்லை.
விளக்கு மங்கக்கூட இல்லை. பாட்டரி அடியோடு காலி.
'ரேடியோவ அணைக்க மறந்துட்டேன்,' என்றான்
ஆணியில் நேற்று நான் மாட்டிய தலைக்கவசத்தை
இருக்கையிலிருந்து எடுத்தபடி.

அவன் போன பின் சும்மா, ஒரு சந்தேகத்தில்,
ராய்ஸின் பாட்டரியில் மீட்டர் முனைகளை வைத்தேன்.
முள் அசையவில்லை.

சாவி வழியாகத் திருப்பிக் கொடுத்தால்
இந்தத் தொல்லை இருக்காது.
அரை மணி வேலை, வயரும் மிச்சமிருந்தது.
இரண்டு பாட்டரிகளையும் சார்ஜில் போட்டுவிட்டு
வயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன்.
பில்லில் எழுதினேன்:
வேலை முடிந்தது.