வகுப்பைத் தேர்வு செய்க

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
இ-சேவை மையத்தின் ஷட்டரை
முக்கால்வாசி இறக்கிவிட்டிருந்தேன்.
மணி ஒன்பதே கால்.
ஒகேனக்கல் வண்டி வந்து போயிருந்தது,
மீன் வாசனையை மட்டும் இறக்கிவிட்டு.

பகல் முழுக்க அதே திரையில்
அறுபது ரூபாய்க்கு ஒருவர் வீதம்
அடுத்தவர் வகுப்பைத் தட்டச்சு செய்தவன் நான்.
பெயர், தகப்பனார் பெயர், கதவு எண்.
வகுப்பு என்ற கட்டத்தில் அம்புக்குறியை அழுத்தினால்
பட்டியல் ஒன்று கீழே சரியும்.
எந்த வரியில் நிறுத்த வேண்டுமென்று
வந்தவர் சொல்ல வேண்டியதில்லை,
அப்பன் சான்றிதழின் ஜெராக்ஸ் சொல்லிவிடும்.
அன்று மதியம் ஒரு பொடியன், ஆறாவது சேர வந்தவன்,
"இதுல எதுண்ணா நல்லது?" என்று கேட்டான்.
அவன் அம்மா தொடையில் கிள்ளினாள்.
ஓடிபி வரும்வரை
மூன்று பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராத்திரி, அதே நாற்காலி.
எழுத்து தேய்ந்த அதே கீபோர்டு.
விளையாட்டு என்னைக் கேட்டது:
உன் வகுப்பைத் தேர்வு செய்.
ஆறு பேர் இருட்டில் வரிசையாக நின்று
மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.
வாள்காரன் தோளை உருட்டினான்.
மந்திரக்காரியின் விரல்நுனியில் நீலத் தீ.
வில்லாளி யாரையும் பார்க்கவில்லை.
திருடனைத் தொட்டால் சிரித்தான், அவன் பல்லில்
எங்கள் ஊர்த் தண்ணீரின் காவி இல்லை.
ஒருவனும் ஜெராக்ஸ் கேட்கவில்லை.

இருபது நிமிடம்
எடுப்பதும் வைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.
'பின்னர் மாற்ற இயலாது' என்று
கீழே சின்ன எழுத்தில் ஓடியது.
அது எனக்குப் பழகிய வாக்கியம்தான்.

கேடயக்காரனை எடுத்தேன்.
அடி வாங்குவதுதான் அவன் வேலை, தெரியும்.
ஆனால் அவன் முன்னால் நிற்பான்.
அவன் போய் நின்ற பிறகுதான்
மற்றவர்கள் உள்ளே வர முடியும்.
குகையானாலும் கோயிலானாலும்
முதல் கால் அவனுடையது.

மூன்று வாரம் ஆயிற்று.
ஐந்து பேர் கூட்டணி. நான் கரும்பாறை,
ஏழடி உயரம், இரும்புச் சட்டை.
என் ஹீலர் பெயர் வெள்ளருவி.
நான் அடிபட அடிபட
முதுகுப் பக்கமிருந்து பச்சை வெளிச்சம் வரும்.
முகம் தெரியாத ஒரு கை
தோளைத் தொட்டுத் தொட்டுப் போகும்.

இன்றிரவு பனிக்குகையில், அரக்கன் வருமுன்,
மைக்கில் அவர் "அந்தாண்ட நில்லுப்பா" என்றார்.
சிரித்துவிட்டேன்.
"அண்ணா, நம்ம தர்மபுரியா?"
"அட, பாலக்கோட்டாண்ட. நீ?"
"பென்னாகரம்."
"பென்னாகரத்துல எந்தப் பக்கம்?"

அரக்கன் கதவை உடைத்துக்கொண்டிருந்தான்.
வேறொரு தெருவைச் சொல்லியிருக்கலாம்.
நாக்கில் ரெண்டு தெரு வந்துகூட நின்றது.
ஆனால் இந்த வகுப்புக்குப்
பின்வாங்கும் பொத்தான் இல்லை.
எங்கள் தெருவைச் சொன்னேன்.

"ஓ" என்றார்.

முதல் அடி. இரண்டாவது.
உயிர்க்கோடு பாதி. கால்.
பச்சை வரவில்லை.
திரும்பிப் பார்த்தேன், கோலை ஊன்றியபடி
அசையாமல் நின்றிருந்தார்.
நெட்டு போனாலும் உருவம் அப்படித்தான் நிற்கும்.
சாயங்காலத்திலிருந்து பாலக்கோட்டுப் பக்கம் மின்னல்.
மழையென்றால் அங்கே டவர் படுத்துவிடும்,
அது எனக்கே தெரியும்.

பனியில் மல்லாந்து கிடக்கிறேன்.
மற்ற மூவரும் என்னைத் தாண்டி ஓடுகிறார்கள்.
திரையில் இரண்டு பொத்தான்கள்:
'யாராவது எழுப்பும்வரை காத்திரு.'
'ஊருக்குத் திரும்பு.'

ஷட்டர் இடுக்கில் தெருநாய் ஒன்று
மூக்கை நுழைத்துப் பார்க்கிறது.
மவுஸின் மேல் கை இருக்கிறது.
வெளியே இன்னும் மழை இல்லை.