வெள்ளிக்கிழமை பில்

ஐந்தே முக்காலுக்கு எழுந்ததும்
தாளைத் தடவிப் பார்க்கிறேன்.
கோத்தகிரி ஜூலையில்
இரவெல்லாம் மூடுபனி குடித்து
அப்பளமாய் நமுத்துக் கிடக்கும்.
அதனால் அரிசி டப்பாவுக்குள்
எப்போதும் நாலு தாள்.
உங்கள் வீட்டுச் சோற்றில்
காகித வாசனை என்கிறாள்
கீழ் வீட்டு நர்ஸ் ரெஜினா.
சாப்பிட மட்டும் தவறாமல் வருகிறாள்.

ஜன்னலுக்கு எதிரே
ஆல்துரை சார் வீட்டு மொட்டைமாடியில்
ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.
தினமும் அதைத்தான் வரைகிறேன்.
பத்து நிமிடம்.
அலாரம் அடித்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும்,
குழாய் பாதியில் நின்றாலும்.

அழகாக எதையாவது தேடியிருந்தால்
தேடுவதிலேயே விடிந்திருக்கும்.
பள்ளத்தாக்கு இருக்கிறது, தேயிலைச் சரிவு இருக்கிறது,
அவை எல்லார் காலண்டரிலும் இருக்கின்றன.
தொட்டி எனக்கு மட்டும்.

பனி அடைத்துத் தொட்டி தெரியாத நாளில்
வெறும் தாளில் தேதி போட்டு வைக்கிறேன்.
அதுவும் படம்தான்.
அப்படி நாற்பத்தோரு படம் இருக்கிறது,
எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன.

எட்டு மணிக்கு வேலை.
அரவேணு டீ கம்பெனிக்காரர்
பாக்கெட்டின் கொழுந்தை
மூன்றாம் தடவையாக
இன்னும் பச்சையாக்கச் சொல்கிறார்.
இதற்கு மேல் பச்சை என்றால் அது கொத்தமல்லி
என்று எழுதுகிறேன்,
போனில் அல்ல, பழைய கணக்கு நோட்டில்.
போனில் எழுதுவது:
சரிங்க, நாளைக்குள் அனுப்புகிறேன்.
அந்த நோட்டு இது ஐந்தாவது.
அச்சில் வந்தால் ஒரு ஊரையே பகைத்துக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு மண்டிவரை நடை.
யாராவது ஒருவரிடம்
அவர் வேலையைப் பற்றி ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று.
கேரட் கழுவும் யோகராஜிடம் கேட்டேன்,
முதலில் விறைப்பது கையா காலா?
காது, என்றார்.
ஆறு மாதம் கழித்து
மூன்றாம் வகுப்புப் பாடநூலில்
மழையில் நிற்கும் ஒரு பையனுக்குக்
காதைச் சிவப்பாக்கினேன்.
யாரும் கவனிக்கவில்லை.
அடுத்த புத்தகமும் எனக்கே வந்தது.
இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, தெரியாது.

வரைவது பரவாயில்லை.
கேட்பதுதான் நடுக்கம்.
முதல் இரண்டு வருடம்
அவர்களாக நினைத்துக்கொண்டு கொடுப்பார்கள் என்று இருந்தேன்.
அவர்களும் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்,
கொடுக்க வேண்டும் என்று.

இப்போது வெள்ளிக்கிழமை நாலு மணி.
கரண்ட் இருந்தாலும் போனாலும்
ஜான்ஸ்டன் சதுக்கத்தில்
சிக்னல் கிடைக்கும் மூலைக்குப் போய் நின்றாவது:
வணக்கம். மே மாதம் தந்த பன்னிரண்டு படங்களுக்கான
தொகை இன்னும் வரவில்லை.
கீழே,
தொந்தரவுக்கு மன்னிக்கவும்
என்று விரல் தானாக எழுதும்.
அழிப்பேன்.
வாரா வாரம் எழுதி
வாரா வாரம் அழிக்கிறேன்.
ஒரு நாள் விரலுக்கே அலுத்துப்போகும்.

போன மாதம்
முன்னூற்று எழுபதாவது தொட்டியின்போது
மாடிச் சுவரேறி ஒரு கரடி வந்தது.
நிதானமாக மூடியைத் தள்ளியது,
தலையை உள்ளே விட்டது,
சொந்த வீடு போலக் குடித்துவிட்டு
முகம் சொட்டச் சொட்ட
என் பக்கம் ஒருமுறை பார்த்தது.
என் கை
தொட்டியின் அடிவிளிம்பில்
நிழல் போட்டுக்கொண்டிருந்தது.

மூடியை யார் திறந்து போட்டது என்று
ஆல்துரை சார் தெரு முழுக்கக் கேட்டு
என் வாசலுக்கும் வந்தார்.
நோட்டைக் காட்டினேன்.
மூடி சாய்ந்திருந்தது, ஓரமெல்லாம் ஈரம்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
எல்லாம் சரிம்மா,
இதில் கரடி எங்கே?

அதற்குள்
பத்து நிமிடம் ஆகிவிட்டது சார்,
என்றேன்.