பதினொரு ஆம்

என் வேலை விரல் வேலை.
நெப்ராஸ்காவில் ஒரு சின்ன நீதிமன்றம்,
பேசுவதைப் பேசியபடியே தட்டுவேன்.
இருமலுக்கும் தலையசைப்புக்கும்
என் எந்திரத்தில் விசை கிடையாது.

ஹாவ்லிசெக் சகோதரர்கள், டெல்வின், கோரி.
ஒரே கார், ஒரே ஏப்ரல் இரவு,
தானியக் கிடங்கில் திருடுபோன செப்புக் கம்பி.
இருவரிடமும் வக்கீலுக்குக் காசில்லை.
ஒரே வக்கீல் நின்றால்
ஒருவனைக் காக்க மற்றவனைக் கொடுக்க நேருமாம்;
சட்டம் பிரித்தது.
அதுவரை சட்டையைக்கூட
மாற்றி மாற்றிப் போட்டவர்கள்.

டெல்வினுக்கு இரண்டாம் மாடியின் சம்பள வக்கீல்,
ஒன்ட்டிவெரோஸ் அம்மாள்.
மேசைமேல் நூற்றெழுபது கோப்பு.
முதல் நாள் அவனை டெல்மர் என்றாள்,
நானும் டெல்மர் என்றே தட்டினேன்.

கோரிக்குப் பட்டியலில் அடுத்த பெயர், க்ளேடன் ரஸ்க்.
நிலப் பத்திரம் எழுதுகிறவர், நல்ல மனிதர்,
கைகொடுத்தார், அம்மா சுகமா என்று கேட்டார்.
ஒரு நாளில் முடித்தாலும் அறுநூறு டாலர்,
ஓராண்டு இழுத்தாலும் அதே அறுநூறு.

ஒன்பதாம் நாள் கோரி எழுந்து நின்றான்.
உரிமைகளை விடுகிறாயா? ஆம்.
நீயாகவே ஒப்புக்கொள்கிறாயா? ஆம்.
வக்கீலின் உதவி திருப்தியா? ஆம்.
பதினொரு ஆம், நான்கு பக்கம்,
மூன்று ஆண்டு.

டெல்வின் பிணை கட்ட வழியில்லாமல்
ஐந்து மாதம் உள்ளே கிடந்தான்.
அம்மாள் மூன்று முறை வாய்தா வாங்கினாள்.
ஆனால் அந்த மாடியில் விசாரிக்க ஒருத்தி இருந்தாள்,
பெர்னெட், மாதச் சம்பளம், ஒடுங்கிய கார்.
பெட்ரோல் நிலையத்துக்குப் போய்
காமிராவின் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு பார்த்தாள்:
ஒரு மணி பின்னால்.
மார்ச்சில் யாரும் முள்ளைத் தள்ளவில்லை.
அலாரம் அடித்து ஒரு மணி கழித்துத்தான்
அந்தக் கார் அங்கே வந்திருக்கிறது.

டெல்வின் வீட்டுக்குப் போனான்.
ரஸ்க் காசு வாங்காமல் மனுப் போட்டார்,
குரல் உடைந்தது; உடைந்ததை நான் தட்டவில்லை.
நீதிபதி என் நான்கு பக்கத்தைப் புரட்டினார்.
ஒரு பிழை இல்லை.
"அவனே சொல்லியிருக்கிறானே."

வெள்ளிக்கிழமை டெல்வின் நகல் கேட்டு வந்தான்.
பக்கத்துக்கு மூன்றரை டாலர், எனக்கு.
சில்லறையாகப் பதினான்கு எண்ணி வைத்தான்.
நின்றபடியே படித்தான்.
"எங்கேயும் தயங்கவே இல்லையா?"

ஏழாவது ஆமுக்கு முன்
கோரி ரஸ்கைத் திரும்பிப் பார்த்தான்,
வெகுநேரம்.
ரஸ்க் தலையசைத்தார்.

"பக்கத்தில் இருப்பதுதான்" என்றேன்.
ரசீது எழுதினேன்.
பெயரை இந்த முறை சரியாக.