விறகுக் கொட்டகைக்குப் பின்னால்

ஏப்ரலில்தான் இங்கே பனி வாயைத் திறக்கும்.
குளிர்காலம் முழுக்க விழுங்கியதை
தேதி மாற்றி மாற்றித் துப்பும்:
ஒற்றைக் கையுறை, நாயின் பந்து,
நவம்பர் மாத மின்கட்டண ரசீது.

விறகெடுக்கப் போனவள்
கொட்டகைக்குப் பின்னால் பார்த்தேன்,
கெய்யோ நின்று பழகிய இடத்தில்.
இளஞ்சிவப்பாய் ஒன்று.
சற்றுத் தள்ளி இன்னொன்று, துருவின் நிறத்தில்.
ஒவ்வொன்றையும் சுற்றி
மண்வாரியால் தட்டி மூடிய தடம்.
பதினொன்று வரை எண்ணினேன்.
பிறகு விறகை எண்ணினேன்.

கதிர்வீச்சு முடிந்து எட்டு வருஷம்.
முப்பத்தேழு நாள் குவோப்பியோவுக்குப் போய் வந்தோம்.
வலியில்லை என்றார், வெளிச்சம்கூட இல்லையாம்,
திரும்பும் வழியில்
இரண்டு தட்டு இறைச்சி உருண்டை தின்றார்.
ஐந்தாம் வருஷம் மருத்துவர் கை குலுக்கினார்.
நாங்கள் கேக் வாங்கினோம்.
நீறு பூத்திருந்தது.
ஆறிவிட்டதென்று எடுத்துக்கொண்டோம்.

இந்தக் குளிரில் அவர்
தனியாகவே சவ்னாவுக்குப் போனார்.
உள்ளாடையைத் தானே துவைத்தார்.
தேவாலயத்தில் கடைசி வரிசை, கதவோரம்.
குறட்டை உனக்குத் தொந்தரவு என்று
பக்கத்து அறைக்குப் படுக்கப் போனார்.
என்னிடம் வேறொரு கணக்கு இருந்தது:
முன்புபோல் என்னைத் தொட முடியாத வெட்கம் என்று.
கேட்கவில்லை.
கேட்காமலிருப்பதை
இந்த ஊரில் மரியாதை என்போம்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன்:
"பதினொன்று."
கரண்டியை வைத்தார்.
வெகுநேரம் சூப்பையே பார்த்தார்.
"பதினான்கு, ரைலி.
வடக்குப் பக்கம் நிழல்.
மூன்று இன்னும் உருகியிருக்காது."

சிரித்தோமா அழுதோமா,
நாய்க்குத்தான் தெரியும்.

கருவியை உள்ளே விட்டுப் பார்த்த மருத்துவர்
சிறுநீர்ப்பையின் சுவரைத் திரையில் காட்டினார்.
பழைய நாளங்கள் மெல்ல மெல்லச் செத்து
புதிதாய் முளைத்தவை நூல்போல மெலிந்து,
தொட்டால் உடைகின்றன.
"எட்டு வருஷம் கழித்தா?"
"சிலருக்குப் பதினைந்து."
கெய்யோ அதை
பனிவாரி வண்டி ஓட்டிய காலத்தில்
வானிலை அறிக்கை கேட்பதுபோல் கேட்டார்.

ஜூனில் தெற்கே அனுப்பினார்கள், ரயிலில் ஒரு முழுப் பகல்.
இரும்பு உருளைக்குள் ஆறு பேர்,
தலையில் குடம் கவிழ்த்தாற்போல் கூண்டு,
அழுத்தத்தில் ஆக்சிஜன். நாற்பது அமர்வு.
பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குத் தாடையெலும்பு,
அவளுக்கும் பழைய கதிர்தான்;
சைகையிலேயே சீட்டாடுகிறார்களாம்.

மாலையில் கூப்பிடுவார்.
நாற்பத்தொரு வருஷக் குடித்தனத்தில்
இப்போதுதான் நிறம் பேசுகிறோம்.
"இன்று?"
"வெளுத்த தேநீர்."
"இன்று?"
"வைக்கோல்!"
மறுநாள் மறுபடியும் ரோஜா.
அன்று தொலைபேசியில்
அவர் பக்கத்து மழையை மட்டும் கேட்டேன்.

பத்து அமர்வு மிச்சம்.
சரியாகுமா என்று யாரும் சொல்லவில்லை.
எங்கள் கட்டிலில் கதவோரம்
கல்யாணமான நாளிலிருந்து என் இடம்.
நேற்று என் தலையணையைச்
சுவர்ப்பக்கம் மாற்றிப் போட்டேன்.