மூன்றில் ஒன்று

ஓல்டன் புகையிரத நிலையத்தின் பின்புறம்,
விடிய நாலேமுக்கால்.
ஆற்றுப் பனிமூட்டம்
பாலத்தின் முழங்கால்வரை ஏறியிருந்தது.
பசை வாளி, நீளத் தூரிகை, ஏணி,
ஊறவைத்து மடித்த தாள்கள்.
ஷ்பேஸா வண்டியை நிறுத்தி
ரேடியோவை அணைத்தாள்.

இந்தக் கிழமை வாக்கெடுப்புச் சுவரொட்டிகள்.
இடப்பக்கச் சட்டத்தில் 'வேண்டும்',
வலப்பக்கச் சட்டத்தில் 'வேண்டாம்'.
இரண்டுக்கும் ஒரே பசை,
ஒரே மணிக்கூலி.

'வேண்டும்' என்பதில் ஒரு வீட்டுத் திறப்பு.
அதைப் பறிக்கும் கருத்த கை.
மேலே முழ அளவு எழுத்தில்:
மூன்றில் ஒன்று.

எதில் என்று எழுதியிருக்கவில்லை.

அந்தக் கையின் மேல் தூரிகையை இழுத்தேன்,
மணிக்கட்டிலிருந்து நகம்வரை
காற்றுக் குமிழ் தங்காதபடி.
மோதிர விரலில் ஒரு சுருக்கம் விழுந்தது.
உள்ளங்கையால் அழுத்தித் தடவினேன்.
"உன்னை வைத்தா படமெடுத்தார்கள்?"
கீழிருந்து கேட்டாள் ஷ்பேஸா.
இருவரும் சிரித்தோம்.
அவளுடையதைவிட என் சிரிப்பு
கொஞ்சம் நீளம்.

'வேண்டாம்' பக்கத்திலும் வாதம் ஏதும் இல்லை.
பல் விழுந்த ஒரு பிள்ளை, ஒரு சூரியகாந்தி,
'நாளை' என்றொரு சொல்.
பிள்ளையின் வாய் இரண்டு தாள்களில் வந்திருந்தது.
பொருத்தி முடிக்க நேரம் பிடித்தது.

ஒன்பது மணிக்குக் கிடங்கில் கோப்பி.
"மூன்றில் ஒன்று, தெரியுமா?" என்றான் மார்ட்டி.
"ஓம், மூன்றில் ஒன்று," என்றான் டாரியோ.
கதவருகே யாரோ தலையாட்டினார்.
பின்னேரம் மழை வரும் என்பதுபோலச்
சொல்லிக்கொண்டார்கள்.
நான் சீனி கேட்டேன்.

நான் வந்த ஊரிலும் சுவர்கள் பேசின.
இரவில் ஒட்டிப் போவார்கள்.
காலையில் வாசித்துவிட்டு
முகத்தில் ஒன்றும் மிஞ்சாதபடி நடப்போம்.
நம்பினோமா என்று யாரும் கேட்கவில்லை;
கேட்டவன் பெயர் அடுத்த தாளில் வரலாம்.
அது பயம். பயத்துக்காவது ஒரு காரணம் இருந்தது.
இங்கே துவக்கோடு ஒருவரும் நிற்பதில்லை.
"எதில்?" என்று கேட்டிருந்தால்
ஒரு மிடறு கோப்பி ஆறியிருக்கும்,
அவ்வளவுதான்.

கேட்கவில்லை.

இரவு வதனியின் தம்பி தொலைபேசியில்.
ஏழு மாதமாக வீடு தேடுகிறானாம்,
பதினொரு விண்ணப்பம்.
சாப்பிட்டபடியே சொன்னேன்:
"கிடைக்காதடா. மூன்றில் ஒன்று அவங்கட கையில."
வதனி கரண்டியைக் கீழே வைத்தாள்.
"எவங்கட?"
வாயில் சோறு.
"எதில மூன்றில் ஒன்று?"
விழுங்கினேன்.
அந்தப் பக்கம் தம்பியும் பேசாமல் இருந்தான்.
"நீங்கள் ஒட்டினது," என்றாள்,
"உங்களிலயே ஒட்டியிருக்கு."

பிரஜாவுரிமை கிடைத்தபின் வந்த முதல் வாக்குறை
மூன்று கிழமையாக மைக்ரோவேவின் மேல்,
மின்சாரக் கட்டணத்துக்கும் பல் வைத்தியர் கடிதத்துக்கும் நடுவே.
பிரித்தேன்.
சிவப்பு அட்டையில் ஒரு சின்னப் புத்தகம்.
சீட்டில் வெறும் பெட்டி ஒன்று;
ஆம், இல்லை எதுவானாலும்
சொந்தக் கையால் எழுதவேண்டுமாம்.
அச்சடித்துத் தரமாட்டார்கள்.

பதினேழாம் பக்கத்தின் அடியில்,
எறும்பு எழுத்தில்,
ஒரு மூன்றில் ஒன்று கிடைத்தது.
கேள்விக்கொத்துக்குப் பதில் அனுப்பிய
ஊராட்சிகளின் தொகை அது.
வீடுமில்லை, திறப்புமில்லை, கையுமில்லை.
இதுதானா அது?
தெரியவில்லை. அடிக்குறிப்பு
இன்னொரு பக்கத்துக்குப் போகச் சொன்னது.

வதனி படுக்கப் போய்விட்டாள்.
அகராதி, கண்ணாடி, ஆறின தேத்தண்ணி.
நகக்கண்ணில் காலைப் பசை இன்னும் போகவில்லை.
தாள் விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.
ஒவ்வொன்றாகப்
பிரித்துப் பிரித்து வாசிக்கிறேன்.
நாளைக்கும் நாலேமுக்காலுக்கு வேலை.