தெர்மாகோல் பிடித்தவர்

கிளைபேடாவில் டிசம்பர் வெயில்
நாலு மணிக்கெல்லாம் கடையைச் சாத்திவிடும்.
அதற்குப் பிறகு என்னிடம் இருப்பது
கட்டட வேலைக்காரர்கள் விட்டுப்போன ஒரு கவ்வு விளக்கு,
கீழே ரொட்டிக்கடையில் கேட்டு வாங்கிய
வெண்ணெய்த்தாள் இரண்டு முழம்,
துணி மாட்டும் கிளிப் ஆறு
(ஒன்றுக்கு ஸ்பிரிங் இல்லை),
யார் வீட்டுக்கோ ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்து
எடுத்துவைத்த தெர்மாகோல்.
ஸ்டூடியோ என்று வாசலில் எழுதியிருக்கிறேன்.
இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை.

ராமுனே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
கம்பெனி நாட்காட்டியில்
மார்ச் மாதம் அவளுக்கு.
"அழகாக வேண்டாம்" என்றாள்,
"நாற்பது மீட்டர் உயரத்தில்
தனியாக உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தால் போதும்."

சுவரை விட்டு நாலடி முன்னால் வரச் சொன்னேன்.
வெள்ளைச் சுவர்
வெளிச்சம் எட்டாமல் தானே சாம்பலானது.
தூரிகை தொடாமல் வர்ணம் மாற்ற
இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

கண்ணுக்கு மேலே ஒரு சாண்,
கொஞ்சம் பக்கவாட்டில், விளக்கு.
தாள் போடாத வெளிச்சம்
போலீஸ்காரர் கேள்வி கேட்பது போல விழுந்தது:
மூக்கடியில் மை, நெற்றியில் எண்ணெய்.
தாளைத் தொங்கவிட்டுக் கிட்டே நகர்த்தினேன்.
இன்னும் கிட்டே.
தாள் சூடேறி மாவு வாசம் வந்தது.
நிழலின் விளிம்பு
தண்ணீர் பட்ட எழுத்தாய்க் கரைந்தது.

அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் பாக்கி.
தெர்மாகோல் தானாக நிற்காது,
நாற்காலியில் சாய்த்தால் வழுக்கும்.
அப்போது படியேறி வந்தார் விதெனிஸ்,
வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க.
வழக்கறிஞர் வழியாகவே அனுப்பியிருக்கலாம்.

அவர்களுக்குள் பேச்சு நின்று
பதினோரு மாதம் என்பது எனக்குத் தெரியாது.
இரண்டு கை உள்ள ஒரு மனிதர்,
அவ்வளவுதான் பார்த்தேன்.
"சாவியைப் பையில் போடுங்கள்,
இதைக் கொஞ்சம் பிடியுங்கள்."

"கிட்டே வாங்க."
அரையடி வந்தார்.
"இன்னும்."
ராமுனே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கன்னத்தில் வெளிச்சம் ஏறுகிற வரைக்கும்."

தன் கையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்
அவள் கன்னத்தில் ஏறுவதை
பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
பலகை நடுங்கினால் கன்னமும் நடுங்கும்.
நடுங்கியது.
ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டேன்.
என்னால் ஆனது அதுதான்.

பதினேழு படங்கள்.
கடைசிக்கு முந்தையதில்
அவள் முகம் ஒரு விரற்கடை திரும்பியிருந்தது.

சாவியை மேசையில் வைத்துவிட்டு அவர் போனார்.
காலடி ஓசை
படி வளைவில் ஒருமுறை நின்று
பிறகு இறங்கியது.

திரையில் பெரிதாக்கிக் காட்டினேன்.
வலது கண்ணின் கருமையில்
நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை ஜன்னல்.
அதன் இரண்டு ஓரத்திலும் விரல்கள்.
மேலே, கடுகைவிடச் சின்னதாய்,
ஒரு தலை.

"இதை அழிக்க முடியுமா?"
முடியும், இரண்டு நிமிட வேலை.
ஆனால் அந்த வெள்ளை போனால்
கண் செத்துவிடும் என்றேன்.
தொழில் பேச்சு, வேறொன்றுமில்லை.

அவளே பெரிதாக்கினாள்.
சதுரம் சதுரமாக உடைந்து
தலையும் இல்லை விரலும் இல்லை என்று ஆகும்வரை.
மறுபடி சிறிதாக்கினாள்.

"மார்ச்சுக்கு எத்தனை நாள்?"
"முப்பத்தொன்று."

கொஞ்ச நேரம் எண்ணுபவள் போல இருந்துவிட்டுக்
கையுறையை மாட்டிக்கொண்டாள்.
சாவியையும் எடுத்துக்கொண்டாள்.

வெண்ணெய்த்தாளைக் கழற்றிப் பார்த்தேன்.
நடுவில் பழுப்பாய் ஒரு வட்டம்.
இன்னும் இரண்டு முகத்துக்குத் தாங்கும்.