முளை

போலந்தின் கிழக்கே மணல் அதிகம்.
கோதுமை இங்கே முகம் சுளிக்கும்.
ரை கேட்காமலே வரும்,
மாவுதான் கறுக்கும்.
யாரோ இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள்.
முதலில் பிறந்தது மலடு, கோவேறு கழுதை மாதிரி.
நம் காந்தள் கிழங்கில் இருக்கும் அதே நஞ்சு
ஒரு சொட்டு பட்ட பிறகுதான்
கதிர் கருவுற்றதாம்.
டிரிட்டிகேல். பெயரில்கூட
அவளுக்குப் பாதி, அவனுக்குப் பாதி.

பொக்னாவுக்கு இருபத்து மூன்று பசுக்கள்.
அண்ணன் செவெரினுக்குப் பன்றிகள்,
எத்தனை என்று அவன் சொல்வதில்லை.
வயல் ஒன்றுதான். பாகம் பிரிக்காதது.

செப்டம்பர் கடைசியில் விதைத்தார்கள்.
விதைக்கும்போது சண்டை இல்லை.
மூன்று தூர் வெடித்ததும் பனி வந்து மூடியது.
தொண்ணூறு நாள் தரையோடு தரையாய்க் கிடந்தது பயிர்,
பச்சையை மட்டும் கைவிடாமல்.

மே பதினொன்று. கதிர் இன்னும் பொதிக்குள்.
தண்டைத் தடவினால் வயிறு தட்டுப்படும்.
இப்போது அறுத்தால் தீவனம்,
பசு கேட்டு வாங்கித் தின்னும்.
ஒரு வாரம் போனால் நார்.
விட்டுவைத்தால் ஜூலையில் தானியம்.
"காய்ந்த புல் தீர்ந்துபோச்சு," என்றாள் பொக்னா.
"தீவனம் வாங்கியே பன்றி வித்த காசு போகுது," என்றான் அவன்.

சரிபாதி என்று முடிவாயிற்று.
நடுவில் ஒரு முளை,
நுனியில் சிவப்புத் துணி.

அன்று நிலவு இருந்தது.
பொக்னா போய் முளையைப் பிடுங்கி
ஏழடி தள்ளி அடித்தாள்.
மாலினா கன்று போட்டிருந்தாள், அதுதான் காரணம்.
மறுநாள் இரவு அவள் தூங்கிவிட்டாள்.
காலையில் அளந்தால்
முளை பழைய இடத்துக்கும் இரண்டடி பின்னால்.
வாய் திறக்கவில்லை.
திறந்தால் முதலில் விழுவது
அவளுடைய ஏழடி.

தமிழில் இதை முளை என்பது எவ்வளவு பொருத்தம்.
அடித்த இடத்தில் நிற்பதும் அதுதான்,
நினைத்த இடத்தில் கிளம்புவதும் அதுதான்.

மூன்றாம் இரவு
இடுப்பளவு பயிரில் எதிரெதிரே இருவர்,
ஆளுக்கொரு சம்மட்டி.
ஈரத்தில் கால்சட்டை ஒட்டிக்கொண்டது.
"கட்டைக்குக் கால் முளைச்சிருக்கு போல," என்றான் செவெரின்.
"ஆமா. ரெண்டு கால்," என்றாள்.
சிரித்ததாகப் பிறகு இருவருமே சொன்னார்கள்.
எனக்கு நம்பிக்கை இல்லை.
எப்படியோ முளை நடுவுக்கு வந்தது.

விடிந்ததும் ஒரு பாதி அறுபட்டது.
வெள்ளைச் சுருளில் பொதிந்த உருண்டைகள்,
புளிக்கத் தொடங்கும் வாசனை,
மாலினாவின் மூக்கில் ஒரு பச்சைக் கீற்று.

ஜூன் புயலில் மறுபாதி சாய்ந்து
முளையின்மேல் படுத்துக்கொண்டது.
துணியும் மறைந்தது.
அது அங்கே இருப்பதை
அதற்காகவே தூக்கம் கெட்ட இருவரும் மறந்தார்கள்.

ஜூலை இருபத்தெட்டு. வாடகை அறுவடை இயந்திரம்
கடகடவென்று ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நின்றது.
கத்தியில் மூன்று பல் போயிற்று.
ஓட்டுநர் லுபோமிர் இறங்கி
கட்டையைத் தூக்கிப் பிடித்தான்: "இது யாருடையது?"

பழுதுக்கு முந்நூற்று நாற்பது ஸ்வோத்தி.
அவள் நூற்றெழுபது. அவன் நூற்றெழுபது.
இந்த ஒரு கணக்கில்தான்
நடு இருந்த இடத்திலேயே இருந்தது.